மூத்தவர் எவர்? ஜேன் ஆஸ்டின் நாவல்களில் பிறப்பு வரிசைச் சொற்களும் பெயர் வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

உடன்பிறந்தாருள் மூத்தவர், இளையவர் என்னும் வேறுபாட்டைக் காட்டும் தனிச்சொற்கள் ஆங்கில உறவுப்பெயர்களில் இல்லை என்பது ஒப்பியல் ஆய்வுகளில் பொதுவாகக் கூறப்படுவது. உறவுப்பெயர் அளவில் இது பொருந்தும். ஆங்கிலச் சட்டவழக்கிலும் மதிப்புப்பெயர் வழக்கிலும் பிறப்பு வரிசை நுட்பமாகப் பதிவாகியிருப்பதை ஜேன் ஆஸ்டினின் நாவல்களைக் கொண்டு இக்கட்டுரை காட்டுகிறது. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலின் முடிச்சு இறுகும் இடமும் அவிழும் இடமும் அப்பெயர் வழக்கையே சார்ந்துள்ளமையும், தமிழாக்கத்தில் அதனைக் கையாள்வதில் எழும் இடர்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிறப்பு வரிசை, உறவுப்பெயர், மதிப்புப்பெயர், ஜேன் ஆஸ்டின், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழ் உறவுப்பெயர்களை ஆங்கிலத்தோடு ஒப்பிடும் எழுத்துகளில் ஒரு வாய்பாடு அடிக்கடி தலைகாட்டுகிறது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எனத் தமிழில் நான்கு சொற்கள் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் என இரண்டே நிற்கின்றன. ஆதலால் தமிழ்ச் சமூகம் மூப்பை மதித்தது, ஆங்கிலச் சமூகம் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதே அவ்வாய்பாடு. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட பெருநூலின் அட்டவணைகளில் தமிழ் உறவுமுறையும் இடம்பெற்ற காலம் தொட்டு, மானிடவியலார் இச்சொல் வேறுபாட்டைப் பலவாறு விளக்கி வந்துள்ளனர். வாய்பாட்டின் முற்பகுதி உண்மை. பிற்பகுதி முற்பகுதியிலிருந்து பிறப்பதன்று.

இங்கிலாந்தில் தந்தை விருப்ப ஆவணம் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனையே சேரும் என்னும் பொது விதி 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும் வரை நடப்பில் இருந்தது. ஒருவன் முதலில் பிறந்தானா இரண்டாவதாகப் பிறந்தானா என்பது அவன் வாழ்நாள் வருவாயை முடிவுசெய்த ஒரு சமூகம், அவ்வேறுபாட்டைக் குறிக்கச் சொல்லில்லாமல் இருந்திருத்தல் அரிது. சொல் இருந்தது. அண்ணன், தம்பி என்னும் சொற்களைத் தேடும் இடத்தில் அது இல்லை என்பதே செய்தி.

சட்டத்தின் சொற்கள்

ஆங்கிலத்தில் மூப்பைக் குறிக்கும் அடைமொழிகளுள் ‘எல்டர்’, ‘எல்டெஸ்ட்’ ஆகிய இரண்டும் தனித்த வரலாறு உடையவை. பழைய ஆங்கிலத்தின் உயிர்மாற்ற விதிப்படி அமைந்த இவ்வடிவங்கள் பொது வழக்கில் ‘ஓல்டர்’, ‘ஓல்டெஸ்ட்’ என்பவற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கின. குடும்ப வட்டத்துக்குள் மட்டும் பெரிதும் நிலைத்தன. ஒரு வீடு மற்றொரு வீட்டைவிடப் பழையது என்று சொல்ல ‘எல்டர்’ உதவாது. ‘இன்னாரைவிட’ என்னும் ஒப்பீட்டு அமைப்போடும் அச்சொல் சேராது. உடன்பிறந்தார் பெயருக்கு முன் அடையாக நிற்பதே அதன் முதன்மையான வேலை. பிறப்பு வரிசைக்கெனவே ஒரு பழைய வடிவத்தை மொழி காத்து வைத்திருப்பதைப் பொருட்படுத்தாமையின் அடையாளமாகக் கொள்ள இயலாது.

சட்டவழக்கிலிருந்து வந்த சொற்கள் மேலும் கவனிக்கத்தக்கவை. நார்மானியர் ஆட்சிக்குப்பின் இங்கிலாந்தின் வழக்குமன்றங்களில் வழங்கிய பிரெஞ்சு, மூத்தவனை ‘முன் பிறந்தோன்’ என்னும் பொருள்பட ‘ஐன்’ என்றும், இளையவனைப் ‘பின் பிறந்தோன்’ என்னும் பொருள்படப் ‘பியூனி’ என்றும் குறித்தது. தமிழ் ஆய்வாளருக்கு இவ்விணை அறிமுகமானதே. தம்முன் என்பதும், தம் பின் என்பதிலிருந்து அமைந்த தம்பி என்பதும் இதே முன்பின் உருவகத்தில் பிறந்தவை. ஆனால் தம்பி வீட்டுக்குள் வாழ்ந்தது. ‘பியூனி’ மன்றத்தில் வாழ்ந்தது. தலைமை நீதிபதி அல்லாத உயர்நீதிமன்ற நீதிபதிகளைப் ‘பியூனி’ நீதிபதிகள் என்னும் வழக்கு ஆங்கிலேயர் வழியாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. அதே சொல் ஒலிப்பு மாறாமல் எழுத்து மட்டும் மாறிப் பொதுவழக்கில் புகுந்தபோது, இளையவன் என்னும் பொருளிலிருந்து நலிந்தவன், சிறுத்தவன் என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. பின்னால் பிறத்தல் என்பதை அச்சமூகம் எவ்வாறு மதித்தது என்பதற்கு இப்பொருள் இறக்கம் ஒரு சான்று.

‘கேடட்’ என்னும் சொல்லும் இவ்வகையினது. காஸ்கனி வட்டார வழக்கில் சிறு தலைவன் என்னும் பொருளில் தோன்றி, பிரெஞ்சின் வழியாக இளைய மகனைக் குறித்து, நிலம் கிட்டாத இளைய மகன்கள் படைக்குச் சென்றமையால் படைப்பயிற்சி பெறுவோனைக் குறிக்கலாயிற்று. தேசிய மாணவர் படையில் சேரும் தமிழ் மாணவர் தாங்கும் பெயருக்குள் சொத்துக் கிடைக்காத ஒரு தம்பி இருக்கிறான்.

இங்கு தமிழின் பழைய சொல்லமைப்பை ஒருமுறை நோக்குதல் வேண்டும். எம்முன், நும்முன், தம்முன் எனவும், எம்பி, நும்பி, தம்பி எனவும், எங்கை, நுங்கை, தங்கை எனவும் பண்டைய வழக்கு தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தையும் உறவுப்பெயருக்குள்ளேயே பதித்து வைத்தது. எவருக்கு இளையவன் என்னும் வினாவுக்கு விடை சொல்லுக்குள் அடங்கியது. பிற்காலத்தில் படர்க்கை வடிவங்களே பொதுவாகி, எம்பியும் எங்கையும் செய்யுளில் ஒடுங்கினும், ஒருவரை நிலைக்களனாகக் கொண்டு மற்றவரை அளக்கும் முறை மாறவில்லை. ஒரே பெண் ஒருவருக்கு அக்காள், மற்றொருவருக்குத் தங்கை. ஆங்கிலச் சட்டச்சொற்கள் எவரையும் நிலைக்களனாகக் கொள்வதில்லை. அவை குடும்பத்தை வெளியிலிருந்து, சொத்தின் பக்கத்திலிருந்து பார்த்து வரிசை எண் இடுகின்றன. தலைச்சன், கடைக்குட்டி, பெரியவன், சின்னவன் முதலிய சொற்கள் தமிழிலும் அவ்வாறு வெளியிலிருந்து பார்ப்பவையே. ஆகவே இவ்வேறுபாட்டை இரு மொழிகளுக்கிடையே எழுப்பிய சுவராகக் கொள்ளாமல், எந்த மொழி எப்பார்வைக்கு முதன்மை தந்தது என்று கொள்வதே பொருந்தும்.

பெயரால் அறியப்படும் மூப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நடுத்தர, உயர்குடிக் குடும்பங்களில் நிலவிய பெயர் வழக்கு எளியது. மணமாகாத மகளிருள் மூத்தவர் மட்டும் ‘மிஸ்’ என்பதோடு குடும்பப்பெயரைத் தாங்குவார். இளையோருக்கு இடையில் இயற்பெயர் சேர்க்கப்படும். மைந்தர்க்கும் இதுவே: மூத்தவர் ‘மிஸ்டர்’ என்பதோடு குடும்பப்பெயர், இளையவர் இயற்பெயரையும் சேர்த்துச் சுமப்பவர். ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ (1813) நாவலில் ஜேன், மிஸ் பென்னட். அடுத்தவள் மிஸ் எலிசபெத் பென்னட். மூத்தவள் மணம்புரிந்து வேறு பெயர் பெற்றதும் அடுத்தவள் அவ்விடத்துக்கு ஏறுவாள். பிங்லியின் சகோதரியருள் லூயிசா மணமாகித் திருமதி ஹர்ஸ்ட் ஆகிவிட்டமையால் கரோலின் மிஸ் பிங்லியாக விளங்குகிறாள். ஆஸ்டினின் சொந்த வாழ்விலும் மிஸ் ஆஸ்டின் என்பது 1773இல் பிறந்த தமக்கை காசண்ட்ராவின் பெயர். 1775இல் பிறந்த நாவலாசிரியர் மிஸ் ஜேன் ஆஸ்டின் ஆவார். இருவரும் மணம்புரியாமையால் இவ்வரிசை மாறவேயில்லை.

மகளிரைப் பொறுத்தவரை இப்பெயர் வழக்குக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மகன் இல்லாதவிடத்து நிலம் மூத்த மகளுக்குச் சேர்வதில்லை. மகளிர் அனைவரும் சமபங்கினராவர் என்பதே இங்கிலாந்தின் பொதுச் சட்டம். பென்னட் குடும்பத்தில் தனிப்பட்ட ஆவணக் கட்டு அச்சமபங்கையும் தடுத்து, நிலத்தைத் தூரத்து ஆண் உறவினரான காலின்ஸுக்கு ஒதுக்குகிறது. எவ்வாறாயினும் மூத்த மகளின் மூப்புக்கு நிலத்தில் விலை கிடையாது. அது மிஸ் என்னும் சொல்லிலும், விருந்தறைக்குள் யார் முன்னே நடப்பது என்பதிலும் மட்டுமே வாழ்ந்தது. ‘பெர்சுவேஷன்’ நாவலின் எலிசபெத் எலியட் அப்பெயரையும் அந்நடையையும் பதின்மூன்று ஆண்டுகள் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதை வெறும் செருக்கு என்று தள்ளிவிடும் வாசிப்பு, அவளிடம் வேறென்ன இருந்தது என்று கேட்க மறந்துவிடுகிறது. அவள் தங்கை ஆன் அக்குடும்பத்தில் ஒரு பொருட்டாக எண்ணப்படாதவள். அந்நாவல் குடும்பத்தாரின் பிறந்த நாள்களை வரிசையாகத் தரும் பட்டத்தார் பதிவேட்டின் ஒரு பக்கத்தோடு தொடங்குவது தற்செயல் அன்று.

இவ்வழக்கை அறியாத வாசகர் தவறவிடும் ஓர் இடம் லிடியாவின் மறுவரவு. ஐவருள் இளையவளான அவள் பழிக்கு இடமான முறையில் ஓடிச்சென்று, பின் அவசரமாக மணம் முடிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். உணவறைக்குச் செல்லும்போது தாயின் வலப்பக்கம் நடந்து, மணமான பெண் என்பதால் ஜேனின் இடம் இனித் தனக்குரியது என்று அவளிடமே சொல்கிறாள். பதினாறு வயதுச் சிறுமியின் துடுக்கு என்றே தமிழ் வாசகருக்கு இது தோன்றும். துடுக்குதான், ஆயினும் விதி அவள் பக்கமே நிற்கிறது. மணமானவள் மணமாகாத மூத்தவளுக்கு முற்படுவாள் என்பது அக்கால நடைமுறை. நாணப்பட வேண்டிய ஒருத்தி விதியைச் சிறிதும் மீறாமலேயே நாணமின்றி நடக்கிறாள் என்பதில்தான் ஆஸ்டினின் அங்கதம் கூர்மை பெறுகிறது.

தாமஸ் கொணர்ந்த செய்தி

மேற்கண்டவை பெயர் வழக்கு பாத்திரப் படைப்புக்குத் துணைசெய்யும் இடங்கள். 1811இல் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் அதுவே கதையின் அச்சாணி ஆகிறது.

டேஷ்வுட் குடும்பத்தின் மூத்த மகள் எலினோர், எட்வர்ட் ஃபெராஸை விரும்புகிறாள். அவனோ இளமையில் லூசி ஸ்டீலுக்குத் தந்த வாக்கினால் கட்டுண்டவன். அவ்வாக்கு வெளிப்பட்டதும் தாய் அவனைச் சொத்திலிருந்து விலக்கி, இளைய மகன் ராபர்ட்டுக்கு நிலத்தை எழுதிவிடுகிறாள். நாவலின் இறுதிப்பகுதியில் டேஷ்வுட் வீட்டுப் பணியாள் தாமஸ் எக்ஸிட்டர் நகரிலிருந்து திரும்பி, மிஸ்டர் ஃபெராஸுக்கு மணமாகிவிட்டது என்று சொல்கிறான். மரியான் நிலைகுலைகிறாள், எலினோர் வெளிறிப்போகிறாள். உண்மையில் லூசியை மணந்தவன் ராபர்ட். சில நாள் கழித்து எட்வர்ட் நேரில் வந்த பின்னரே இது தெரியவருகிறது.

இத்திருப்பத்தை ஒரு பணியாளின் பிழை என்று சுருக்கிவிடுதல் எளிது. பிழை எவ்விடத்து நேர்ந்தது என்று நோக்கினால் ஆஸ்டினின் கைவண்ணம் புலப்படும். மிஸ்டர் ஃபெராஸ் என்று அடையின்றிச் சொன்னால் அது மூத்தவனான எட்வர்ட்டையே குறிக்கும். ராபர்ட்டாயின் மிஸ்டர் ராபர்ட் ஃபெராஸ் என்றே சொல்லியிருக்க வேண்டும். ஆகவே கேட்டோர் ஐயுற வழியில்லை. பெயர் வழக்கே சான்றாக நின்றுவிடுகிறது. மேலும் நுட்பமான ஒன்று உண்டு. தாமஸ் மணமகளை முதலில் மிஸ் ஸ்டீல் என்கிறான். வழக்குப்படி அது லூசியின் தமக்கையைக் குறிக்கும். அடுத்து வண்டியில் கண்டதை விவரிக்கும்போது, அவள் ஸ்டீல் சகோதரியருள் இளையவள் என்று தெளிவுபடுத்துகிறான். மணமகளின் பிறப்பு வரிசை திருத்தம் பெறுகிறது. மணமகனின் பிறப்பு வரிசை திருத்தம் பெறவில்லை. ஒரே பேச்சில் ஒரு பெயர் நேராக்கப்பட்டு மற்றொன்று அப்படியே விடப்படுவதால், விடப்பட்டதன்மேல் கேட்போரின் நம்பிக்கை கூடிவிடுகிறது. வண்டிக்குள் இருந்தவர் பின்னே சாய்ந்திருந்ததையும் நிமிர்ந்து பாராததையும், அவர் எப்போதும் அதிகம் பேசாதவர் என்று தாமஸ் விளக்கிக்கொள்கிறான். அது எட்வர்ட்டின் இயல்பு. வாயாடியான ராபர்ட்டின் மௌனம் அண்ணனின் இயல்பாகப் படிக்கப்படுகிறது.

தாமஸிடம் வணக்கம் சொல்லியனுப்பியவள் லூசி. அவள் ஏமாற்றவே எண்ணினாள் என்று எலினோர் பின்னர் முடிவுசெய்கிறாள். லூசி பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை என்பதே இங்குக் குறிப்பிடத்தக்கது. தன் பெயர் மாறிவிட்டது என்று புன்னகையோடு சொன்னாள், மாறியது உண்மை. எந்த ஃபெராஸ் என்பதை மட்டும் பெயர் வழக்கின் பொறுப்பில் விட்டுச் சென்றாள்.

முடிச்சு அவிழும் காட்சியும் பெயர் அடுக்கிலேயே நிகழ்கிறது. எட்வர்ட் வந்து அமர்ந்ததும், திருமதி ஃபெராஸ் லாங்ஸ்டேப்பிளில் இருக்கிறாரா என்று எலினோர் கேட்கிறாள். என் தாய் லண்டனில் அல்லவா இருக்கிறார் என்று அவன் வியக்கிறான். அப்பெயர் இன்னும் தாயுடையது. திருமதி எட்வர்ட் ஃபெராஸ் என்று அவள் தெளிவாக்க, ஒருவேளை என் தம்பியின் மனைவியை, திருமதி ராபர்ட் ஃபெராஸைக் கேட்கிறீர்களோ என்று அவன் தடுமாறுகிறான். மூன்று திருமதி ஃபெராஸ்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது ஓர் இயற்பெயர். எலினோரின் வாழ்வு திரும்புவது காதல்மொழியால் அன்று, ஓர் இளையவனின் பெயர் உரிய இடத்தில் செருகப்படுவதால்.

மூத்தவராக ஆக்கப்படுதல்

இந்நாவல் பெயர் வழக்கைக் கதைத்திருப்பத்துக்குப் பயன்படுத்துவதோடு நிற்கவில்லை. மூத்தவன் என்னும் சொல்லின் பொருளையே ஆராய்கிறது. சொத்து ராபர்ட்டுக்கு எழுதப்பட்ட பின், எட்வர்ட்டுக்கென்று பேசி வைத்திருந்த செல்வமகள் மிஸ் மார்ட்டனை இனி ராபர்ட் மணக்கலாம் என்கிறார் ஜான் டேஷ்வுட். அப்பெண்ணுக்கு இருவருள் எவராயினும் ஒன்றுதானா என்று எலினோர் குறிப்பாகக் கேட்கிறாள். அதில் வேறுபாடு என்ன, ராபர்ட் இனி மூத்த மகனாகவே கருதப்படுவான் என்பது அவர் விடை. எலினோரின் குத்தலை அவர் உணரவில்லை. அவருக்கு மூத்த மகன் என்பது ஒரு பிறப்பு அன்று, ஓர் இருக்கை.

இறுதியில் ராபர்ட்டும் தாயின் சினத்துக்கு ஆளாக, எட்வர்ட் மீண்டும் மகனாக ஏற்கப்படுகிறான். அக்கட்டத்தில் அவன் தாய்க்கு ஒரே மகன், ஆயினும் மூத்த மகன் அல்லன் என்னும் பொருள்படக் கதைசொல்லி ஒரு குறிப்பு வைக்கிறார். ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு வருவாயுள்ள நிலம் மீட்க இயலாதபடி ராபர்ட்டிடம் போய்விட்டது. எட்வர்ட்டுக்குக் கிடைப்பது, தமக்கை ஃபேனிக்குத் திருமணத்தின்போது தரப்பட்ட அதே பத்தாயிரம் பவுண்டு. முதல் மைந்தன் மகளின் பங்கைப் பெற்று அமைகிறான். ஒரே மகன் மூத்தவனாகவும் இளையவனாகவும் இருக்க வேண்டியவன். அவன் மூத்தவன் அல்லன் என்பது எண்கணிதத்துக்கு முரண். சொத்தின் கணக்குக்கு முரண் அன்று. ஆஸ்டினின் அங்கதம் பல வேளைகளில் மெல்லியது. இவ்விடத்தில் அது இரக்கமற்றது.

கம்பராமாயணத்தில் அரசு பரதனுக்கு உரியதாக்கப்பட்டபோதும் அவன் தம்பியாகவே இருக்கிறான். வரம் முடியை மாற்றலாம், உறவுப்பெயரை மாற்றாது. அண்ணன் என்பது ஒருவன் மற்றொருவனோடு கொண்ட உறவு. ஆவணத்தால் பறிக்க இயலாதது. ‘எல்டெஸ்ட் சன்’ என்பது குடும்பத்தின் உடைமையில் ஓர் இடம், ஆகவே கைம்மாறக்கூடியது. ஆங்கிலத்தின் வறுமை எனச் சொல்லப்படுவதை இங்கிருந்து நோக்குதலே தகும். குறைந்தது பிறப்பு வரிசைச் சொல் அன்று. உடன்பிறந்தார் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள ஒரு பிறப்பு வரிசைச் சொல் இல்லை என்பதே குறை.

இளையவரின் ஒலி

‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) இச்சொற்களைச் செவியால் சோதிக்கிறது. மூத்தவனான டாம் பெர்ட்ரம் ஊரில் இல்லாத காலத்தில் இளையவன் எட்மண்ட், மிஸ்டர் பெர்ட்ரம் என்றே வழங்கப்படுகிறான். டாம் திரும்பினால் அவன் மீண்டும் மிஸ்டர் எட்மண்ட் பெர்ட்ரம் ஆவான். அவ்வடிவம் தம்பித்தனம் தோய்ந்த பரிதாபமான ஒலியுடையது, தனக்கு வெறுப்பூட்டுவது என்கிறாள் மேரி கிராஃபோர்ட். ஃபேனி பிரைஸுக்கோ மிஸ்டர் பெர்ட்ரம் என்பதுதான் வெப்பமற்ற வெற்றொலி. எட்மண்ட் என்னும் பெயரில்தான் மேன்மை இருக்கிறது. இரு பெண்களும் ஒரே ஆடவனை விரும்புகின்றனர். ஒருத்தி அவன் அமரக்கூடிய இருக்கையை விரும்புகிறாள், மற்றவள் அவனை விரும்புகிறாள் என்பது ஒரு பெயரின் ஒலி பற்றிய உரையாடலில் முடிந்துவிடுகிறது. பின்னர் டாம் நோய்வாய்ப்பட்டபோது, சர் எட்மண்ட் என்னும் பட்டம் அமைந்தால் நன்று என மேரி கடிதம் எழுதும்போது வாசகர் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. அவள் செவி அதை முன்பே சொல்லிவிட்டது.

தமிழாக்கத்தின் இடர்

இந்நாவல்களைத் தமிழில் தருவோர் இரு திசையிலிருந்து நெருக்கப்படுவர். உறவுப்பெயரில் ஆங்கிலம் சொல்லாததைத் தமிழ் சொல்லச் சொல்லும்: ‘சிஸ்டர்’ என்றால் அக்காளா தங்கையா என்று தமிழ் கேட்கும். மதிப்புப்பெயரில் ஆங்கிலம் சொல்வதைத் தமிழ் கேட்காது: செல்வி பென்னட் என்றால் ஐந்து பெண்களுள் எவளும் ஆகலாம். முதல் நெருக்கடி பெரிதும் பேசப்பட்டது. சகோதரன், சகோதரி என்னும் வயது சுட்டாத வடசொற்களைக் கைக்கொண்டு அதனைக் கடந்துபோகும் வழி தமிழ் விவிலியத்தில் நெடுங்காலமாக உள்ளது. இரண்டாவது நெருக்கடியே கதையைக் குலைக்கவல்லது. தாமஸ் சொல்லும் செய்தியில் திரு. ஃபெராஸ் என்று மட்டும் பெயர்த்தால், எந்த ஃபெராஸ் என்று தமிழ் வாசகர் உடனே கேட்பார். கேட்டால் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும். அடிக்குறிப்பிட்டு விளக்கினால், கவனிக்க வேண்டிய இடம் இது என்று விரலால் சுட்டியதாகும்.

தமிழுக்கு வழி இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து குடும்பத்தைப் பார்க்கும் சொற்கள் தமிழிலும் உண்டு எனக் கண்டோம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் தோட்ட அதிகாரியைப் பெரிய துரை என்றும், துணை அதிகாரியைச் சின்னத் துரை என்றும் வழங்கினர். அவ்விரு ஆங்கிலேயர் உடன்பிறந்தார் அல்லர். பிறப்பு வரிசைக்குரிய அடைமொழிகள் பதவி வரிசைக்குப் பெயர்ந்தன. நிலக்கிழார் குடும்பங்களில் பணியாளர் வாயில் வழங்கும் பெரியவர், சின்னவர் என்பனவும் இத்தகையவை. எட்வர்ட் முதலில் தோன்றும் அதிகாரத்திலிருந்தே பணியாளரும் அயலாரும் அவனைப் பெரியவர் என்றும், ராபர்ட்டைச் சின்னவர் என்றும் சொல்லும் வழக்கை மொழிபெயர்ப்பாளர் நிலைநாட்டிவிட்டால், தாமஸின் வாயில் பெரியவருக்கு மணமாகிவிட்டது என்னும் தொடர் மூலத்தின் வலிமையோடு விழும். இதற்கு ஒரு விலையும் உண்டு. மூலத்தின் மிஸ்டர் ஃபெராஸ் வழக்காற்றின் அமைதியில் மூத்தவனைக் குறிக்கிறது. பெரியவர் என்பது அதனை உரக்கச் சொல்கிறது. ஆயினும் கதை நிற்கும். திரு. ஃபெராஸ் என்பதில் கதை நிற்காது.

அக்கா என்னும் விளியைப் பொறுத்தமட்டில் தயக்கம் வேண்டும். மரியான் தமக்கையைப் பெயர் சொல்லியே அழைக்கிறாள். அவளோடு சரிக்குச் சரியாக வாதிடுகிறாள், கடிந்தும் கொள்கிறாள். ஒவ்வொரு விளியிலும் அக்கா என்று சேர்த்தால் உரையாடல் இயல்பாக ஒலிக்கும். ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு பணிவு மரியானின் வாயில் ஏறிவிடும். எலினோரின் மூப்பை வீட்டுக்குள் எவரும் சொல்லால் ஏற்பதில்லை என்பதும், மிஸ் டேஷ்வுட் என்னும் வெளியாரின் பெயரில் மட்டுமே அது வாழ்கிறது என்பதும் அவள் தனிமையின் ஒரு கூறு. அக்கா என்னும் சொல் அத்தனிமையை ஆற்றிவிடுகிறது.

தாமஸின் செய்தியைக் கேட்டுத் திருமதி டேஷ்வுட் தன் இரு மகள்களையும் நோக்கும் இடத்துக்கும் இது பொருந்தும். ஒருத்தி நிலைகுலைந்து அழுகிறாள். மற்றவள் முகம் வெளிற அசையாமல் இருக்கிறாள். எக்குழந்தையை முதலில் கவனிப்பது என்று தாய்க்குத் தெரியவில்லை. அதுவரை எலினோரின் துன்பத்தைத் தாய் கண்டதில்லை. மூத்தவளை நோக்குவதா இளையவளை நோக்குவதா என்று பெயர்த்தால் தொடர் தமிழில் இனிதாக அமையும். பெயர்ப்பவர் கையும் அங்கேயே செல்லும். மூலத்தில் உள்ள சொல் குழந்தை என்பது மட்டுமே.